சாவைத் தேடிப் போனவர்களா?

ஆதித் திருச்சபையின் மறைசாட்சிகள் உயிரை வெறுத்தவர்கள், சாவைத் தேடிப் போனவர்கள் என்று ஒரு குற்றச்சாட்டு நெடுங்காலமாக இருந்துவருகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. 2ஆம் நூற்றாண்டில் சிமிர்னா நகரின் ஆயர் போலிக்கார்ப், தம்மைத் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் மற்றவர்கள் சொல்கேட்டு ஊருக்கு வெளியே ஒரு பண்ணைவீட்டுக்குப் போனார். அங்கிருந்து இன்னொன்றுக்கு மாறினார். அவருடைய மரணத்தைச் சொல்லும் அதே மடலில் குவிந்துஸ் என்பவரும் வருகிறார். தாமாகவே முன்வந்து பிடிபட்ட இவர், கொடிய விலங்குகளைக் கண்டதும் அஞ்சி, ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட இசைந்தார். இப்படித் தாமாகப் போய் நிற்பதைத் தாங்கள் பாராட்டுவதில்லை என்று சிமிர்னா சபை அங்கேயே எழுதிவைத்தது. கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானும் 250இல் தலைமறைவாக இருந்துதான் சபையை நடத்தினார். 258இல் வாளுக்குக் கழுத்தைக் கொடுத்தவரும் அவரே.

இவர்கள் எல்லோரையும்விட அழுத்தமான சான்று பெர்பெத்துவாவின் சிறைக் குறிப்பு. 203ஆம் ஆண்டில் கார்த்தேஜில் கைதானபோது அவருக்கு 22 வயது இருக்கும், படித்தவர், கைக்குழந்தைக்காரி. சிறையின் இருட்டும் நெரிசலும் புழுக்கமும் அவரை அச்சுறுத்தின. அவற்றையெல்லாம்விடப் பிள்ளையைப் பற்றிய கவலையே வாட்டியது. காவலருக்குப் பணம் கொடுத்துக் கிடைத்த சில மணி நேரத்தில், பசியில் துவண்டிருந்த குழந்தைக்குப் பால் கொடுக்கிறார். குழந்தை கூடவே இருக்க அனுமதி கிடைத்ததும் சிறையே அவருக்கு மாளிகையாகிவிடுகிறது. தீர்ப்புக்குப் பிறகு அவருடைய தந்தை பிள்ளையைத் திருப்பித் தர மறுக்கிறார். பிள்ளை பாலுக்கு அழவில்லை, தனக்கும் பால் கட்டிக்கொள்ளவில்லை என்பதை இறைவனின் இரக்கமாகவே அந்தத் தாய் எழுதுகிறார். வாழ்வை வெறுத்தவர் எழுதும் எழுத்தா இது?

பெர்பெத்துவாவுடன் சிறையிலிருந்த அடிமைப்பெண் பெலிசித்தா தண்டனை தள்ளிப்போகுமோ என்று வருந்தினாரே என்று கேட்கலாம். உண்மைதான். அவர் எட்டு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணியைக் கொல்ல ரோமச் சட்டம் இடம் தரவில்லை. ஆனால் தோழர்களைப் பிரிந்து, பின்னொரு நாள் குற்றவாளிகள் நடுவே தனியாகச் சாக நேருமே என்பதுதான் அவருடைய அச்சம். அவருக்குச் சிறையில் பிறந்த பெண்குழந்தையைச் சபைச் சகோதரி ஒருவர் எடுத்து வளர்த்தார். அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியாரின் கடிதம் இன்னும் கடினமானது. தம்மைக் காப்பாற்ற முயல வேண்டாம் என்று ரோமைக் கிறிஸ்தவர்களிடம் மன்றாடுகிறார். அதில் சாவின் மீது தெரியும் தாகம் எனக்கும் உறுத்துகிறது. என்றாலும் அவர் ஏற்கெனவே விலங்கிடப்பட்டு, பத்துப் படைவீரர் காவலில் போய்க்கொண்டிருந்தவர் என்பதை மறக்கக் கூடாது.

பெர்பெத்துவாவை விசாரித்த, ஆளுநர் பொறுப்பிலிருந்த ஹிலாரியானுஸ் கேட்டது பேரரசர் நலனுக்காக ஒரு பலி, அவ்வளவுதான்; அதைச் செய்துவிட்டு வீடு திரும்பியிருக்கலாமே என்பது கடைசி மறுப்பு. பெர்பெத்துவா கிறிஸ்தவர். இல்லை என்று நடிக்க மறுத்தார். கொல்வது என்று முடிவெடுத்தவர் ஹிலாரியானுஸ். அந்தப் பொறுப்பை அவர் தோளிலிருந்து இறக்கி இருபத்திரண்டு வயதுத் தாயின் தலையில் வைப்பது அநியாயம். மறைசாட்சிகளைக் குறைசொல்ல வருகிறவர்கள் அந்தச் சிறைக் குறிப்பை முதலில் படிக்க வேண்டும். சிறியதுதான், ஒரே அமர்வில் படித்துவிடலாம்.