அண்ணாந்து பார்க்க வேண்டிய உத்தரம்

நீலகிரியின் நெல்லியாளம், பந்தலூர், சேரம்பாடிக் குடும்பங்களுக்கு ஊட்டி என்றால் கலெக்டர் ஆபீஸ், பெரியாஸ்பத்திரி. போன வேலை சீக்கிரம் முடிந்தால் பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ். செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயம் கணக்கிலேயே வராது. பிள்ளைகளோடு அங்கே போக வேண்டும் என்பது என் கட்சி; அழகுக்காக அல்ல. 1829 ஏப்ரலில் சென்னை கவர்னர் லஷிங்டன் அடிக்கல் நாட்டினார், கேப்டன் அண்டர்வுட் கட்டினார், 1831 ஈஸ்டர் அன்று திறந்தார்கள். இவர்களுக்கெல்லாம் பெயர் உண்டு. கூரையைத் தாங்கும் உத்தரங்களோ ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால் பாக் அரண்மனையிலிருந்து பெயர்த்து வந்தவை. 1799-ல் வீழ்ந்த அரசனின் வீட்டு மரம், வென்றவர்களின் ஜெபத்துக்குக் கூரை தாங்குகிறது. அதை மலையேற்றிய யானைகளைப் பற்றிக்கூடச் சொல்கிறார்கள்; யானையை நடத்தியவன் பெயரை யாரும் சொல்வதில்லை.

ஆராதனை நடக்கிற இடத்தில் இப்படிக் கணக்குப் பார்ப்பது மரியாதையா என்று கேட்கலாம். ஆராதனை நேரத்தில் கூடாதுதான். மற்ற நேரத்தில் செருப்புச் சத்தம் கேட்காமல் உள்ளே போய் அண்ணாந்து பார்ப்பதில் எந்தச் சாமிக்கும் குறைவில்லை. வெள்ளைக்காரன் விட்டுப்போனதை நம் பிள்ளைகளுக்கு ஏன் காட்ட வேண்டும் என்பது கனமான கேள்வி. ஆனால் நெல்லியாளத்துப் பல வீடுகளின் கதையையே அவன் தேயிலைதான் எழுதியது: முன்னோர் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்து, அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் மறுபடி கொழுந்து கிள்ளினார்கள். தேவாலயத்தைத் தவிர்த்துவிட்டால் தேயிலைச் செடியையும் தவிர்க்க முடியுமா?

இதெல்லாம் சொன்னால் பிள்ளை மனதில் கசப்பு ஏறும் என்பார்கள். தேவாலயத்தின் பின்னால் உள்ள கல்லறைத் தோட்டத்தில், ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் கிடக்கிறார்கள். இருவருமே 1838-ல் போனவர்கள். அந்தக் கல்லின் முன் நிற்கிற பிள்ளைக்கு வருவது கசப்பாக இருக்காது. இரக்கப்பட்ட பிறகு, தோட்டத்தில் செத்த நம் ஆட்களுக்குக் கல் எங்கே என்று அதுவே கேட்கும். பதில் சொல்ல கைடு தேவையில்லை. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கிய பாட்டிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். முட்டிவலி என்று அவர்களை வேனிலேயே உட்காரவைத்துவிடாமல் கைத்தாங்கலாகக் கூட்டிப் போகலாம், ஏற்றம் கொஞ்சம்தான்.