உறையின்மேல் ஒரு பெயர்

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் நண்பர் ஒருவருடைய தந்தையார் காலமான செய்தி கேட்டு, இரவு வெகுநேரம் விழித்திருந்து, எழுதியும் அழித்தும் ஒருவாறு முடித்து நான் அனுப்பிய இரங்கற் கடிதம் அவரிடம் போய்ச் சேரவேயில்லை என்பதையும், அனுப்பிய சில நொடிகளுக்குள்ளாகவே அது திரும்பிவந்து என் கணினியின் மூலையொன்றில் ஏழு மாத காலம் பிரிக்கப்படாமல் கிடந்தது என்பதையும், இந்தப் பங்குனியில்தான் அறிந்தேன். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் முனையத்தைத் திறந்தவுடன், உமக்கு அஞ்சல் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி தோன்றுவதுண்டு. வாயிற்படியில் 'நல்வரவு' என்று எழுதிவைப்பதைப் போன்ற உபசார வார்த்தை என்று எண்ணி, நாள்தோறும் அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

நான் கடிதம் எழுதுவது மட் என்னும் செயலியில். 1995-ல் மைக்கேல் எல்கின்ஸ் என்பவர் எழுதிய அச்செயலியில் படமுமில்லை, பொத்தானுமில்லை. கறுத்த திரையில் எழுத்துகள் மட்டும். எல்லா அஞ்சல் செயலிகளும் மோசமானவையே, தான் கொஞ்சம் குறைவாக மோசம் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் வினயம் அதற்கு உண்டு. அதற்கு வேண்டிய கட்டளைகளையெல்லாம் மட்ஆர்சி என்னும் ஒரு சிறு கோப்பில் வரிவரியாக எழுதிவைக்க வேண்டும். அதில் 'ஃப்ரம்' என்பதற்கு நேரே என் முகவரியையும், 'ரியல்நேம்' என்பதற்கு நேரே என் பெயரையும் நான் பிழையில்லாமல் எழுதியே இருந்தேன். அப்படியிருந்தும் கடிதம் திரும்பியது ஏன் என்று ஆராயப் புகுந்தபோதுதான், அனுப்புகிறவன் யார் என்ற மிகப் பழைய கேள்வியில் வந்து நிற்கிறேன் என்பது புலப்பட்டது.

1982-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், மின்னஞ்சலுக்கு இலக்கணம் வகுத்த இரண்டு ஆவணங்கள் வெளிவந்தன. ஜோனதன் போஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி. 821 உறையைப் பற்றியது. டேவிட் குரோக்கர் எழுதிய ஆர்.எஃப்.சி. 822 உறைக்குள் இருக்கும் ஓலையைப் பற்றியது. இரண்டிலும் அனுப்புநருக்கு இடமுண்டு. ஆனால் இரண்டும் ஒரே பெயராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அவ்விரண்டிலும் இல்லை. கடிதத்தைச் சுமந்து செல்லும் இயந்திரங்கள், 'மெயில் ஃப்ரம்' என்று தொடங்கி உறைமேல் முகவரியைத் தமக்குள் சொல்லிக்கொண்டு, அதன்பின்பே ஓலையை வாங்கிக்கொள்கின்றன. ஓலையின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்பது அஞ்சலைச் சேர்க்கும் அவற்றின் காரியத்துக்கு வேண்டியதில்லை. பெறுகிறவரோ ஓலையிலுள்ள பெயரை மட்டுமே காண்கிறார். உறை வாசலிலேயே கிழிக்கப்பட்டு, 'ரிட்டர்ன்-பாத்' என்ற ஒற்றை வரியாகக் கடிதத்தின் உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்ப்பவர் அரிது.

நான் செய்த பிழை இதுதான். ஓலையில் பெயரெழுதிய நான், அதே முகவரியை உறைமேலும் எழுது என்று மட்டுக்குச் சொல்லும் 'யூஸ் என்வலப் ஃப்ரம்' என்னும் வரியை எழுதவில்லை. மட் கடிதத்தைத் தானே கொண்டு சேர்ப்பதில்லை. கணினியிலுள்ள செண்ட்மெயில் போன்றதொரு நிரலிடம் ஒப்படைப்பதே அதன் பழைய வழக்கம். ஒப்படைத்தவன் யாரென்று சொல்லாதபோது அந்நிரல் என்ன செய்யும்? கணினிக்குள் நான் நுழையும் பெயரையும், அந்தக் கணினிக்கு நான் செல்லமாக இட்ட 'பொருநை' என்ற பெயரையும் சேர்த்து உறைமேல் எழுதிவிட்டது. உலகத்தில் எந்த இயந்திரத்துக்கும் பொருநை என்றொரு ஊர் தெரியாது. ஊர் தெரியாதவன் கடிதத்தை வாங்கமாட்டோம் என்று எதிர்ப்பக்கத்தார் கதவைச் சாத்தினர். கடிதமும் உறைமேலிருந்த அந்தப் பொருநைக்கே விசுவாசமாகத் திரும்பி வந்தது.

நாம் இன்னார் என்று உலகத்துக்குக் காட்டும் பெயர் ஒன்று. நம் செயல் திரும்பிவந்து சேரும் விலாசம் மற்றொன்று. முன்னது நம் விருப்பம். இந்தச் செயலியில் அதை எத்தனை விதமாகவும் மாற்றலாம். 'ஆல்டர்னேட்ஸ்' என்ற கட்டளையால் இத்தனை முகவரிகளும் நானே என்று அறிவிக்கலாம். 'ரிவர்ஸ் நேம்' என்ற கட்டளையால், எவர் என்னை எந்த முகவரியில் விளித்தாரோ அவருக்கு அந்த முகவரியிலிருந்தே பதில் போகும்படியும் செய்யலாம். மகனென்றும் மாமாவென்றும் சாரென்றும் ஒரே நாளில் அழைக்கப்பட்டு, அழைத்தவருக்கு அந்தந்த உறவாகவே மறுமொழி சொல்லும் வாழ்க்கையில் நாம் செய்வதும் இதுவே. மிலிந்த மன்னனிடம் நாகசேனர், நாகசேனன் என்பது வழக்குக்காக இட்ட பெயரேயன்றி அப்பெயருக்குள் ஒரு புருஷன் இல்லை என்று தேரை உவமை காட்டி விளக்கினார். ஆயினும் அப்பௌத்தர்களுங்கூட வினை உண்டு, வினைக்குப் பயன் உண்டு என்பதை மறுத்தாரில்லை. பெயர் பொய்யென்றால் பயன் எந்த விலாசத்துக்குத் திரும்பும் என்பதே எல்லாச் சமயத்தாரையும் உறங்கவிடாத சங்கடம்.

மீமாம்சகர் இதற்கொரு விடை வைத்தனர். யாகம் இன்று முடிந்து சாம்பலாகிறது. சுவர்க்கமோ என்றோ கிட்டுகிறது. இடையிலுள்ள காலத்தை இட்டு நிரப்ப, செயலிலிருந்து பிறந்து பலன் வரும்வரை கண்ணுக்குப் புலப்படாமல் நிற்கும் ஒரு சக்தியை அவர்கள் அபூர்வம் என்றனர். அஞ்சல் நிரலின் காத்திருப்பு வரிசையை நோக்குந்தோறும் எனக்கு அச்சொல் நினைவுக்கு வருகிறது. எதிர்ப்பக்கம் தற்காலிகமாகக் கதவடைத்திருந்தால் கடிதம் அழிவதில்லை. அரைமணி நேரமாவது பொறுத்து மறுபடி தட்டவேண்டும், நான்கைந்து நாளாவது முயலாமல் கைவிடலாகாது என்பது விதி. எழுதியவன் கணினியை மூடிவிட்டு உறங்கப் போயிருப்பான். அவன் செயல் எங்கோ ஒரு வட்டில் விழித்திருக்கும்.

சைவ சித்தாந்திகள் இதனை ஒப்பமாட்டார்கள். வினை சடம்; தன்னைச் செய்தவன் இன்னானென்று அறியும் அறிவு அதற்கில்லை; ஆகவே பயனை உரியவனிடம் சேர்ப்பிக்கச் சிவம் ஒருவன் வேண்டும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. என் கடிதமே அதற்குச் சாட்சி. பல பசுக்களினிடையே விட்டாலும் கன்று தன் தாயைத் தேடிச் சேரும் என்று நாலடியார் பழவினைக்குச் சொல்லும் உவமை, அறிவில்லாத இயந்திரத்துக்குப் பொருந்துவதில்லை. கள்ளக் கடிதம் அனுப்புகிறவன் உறைமேல் அயலான் ஒருவன் முகவரியை எழுதிவிட்டால், திரும்பும் கடிதங்களெல்லாம் ஒன்றுமறியாத அந்த அயலான் தலையில் வந்து விழும். உள்ளொன்றும் புறமொன்றுமாக எழுதுவதைத் தடுக்கவே, ஓலையிலுள்ள பெயரின் களமும் உறைமேலுள்ள களமும் ஒத்திருக்கின்றனவா என்று பிற்காலத்தில் சோதனைகள் ஏற்படுத்தினார்கள். (கடிதத்தைத் திருப்பியனுப்பும் நிரலுக்கு மெயிலர் டீமன் என்று பெயர். டீமன் பேயன்று, கண்ணில் படாமல் பின்னணியில் ஏவல் செய்யும் பூதகணம். சித்தாந்திகள் கேட்டால் மகிழக்கூடும்.)

ஆனால் என்னை மிகுதியும் ஈர்த்தது வேறொரு நுட்பம். திரும்பி வரும் அறிவிப்பும் ஒரு கடிதந்தானே. அதுவும் சேராமல் போனால்? அதற்கொரு அறிவிப்பு, அவ்வறிவிப்புக்கு மற்றோர் அறிவிப்பு என்று இரண்டு இயந்திரங்களுக்கிடையே முடிவில்லாமல் ஓலைகள் போய்வந்து கொண்டிருக்கும். பிறவிச் சுழல் என்பதற்கு இதைவிடத் துலக்கமான படம் எனக்குத் தெரியவில்லை. போஸ்டல் 1982-லேயே இதற்கு வழி சொன்னார்: அத்தகைய அறிவிப்பை அனுப்பும்போது உறையில் அனுப்புநர் இடத்தை வெறுமையாக விட்டுவிடுக. இரண்டு கோண அடைப்புகள், நடுவில் ஒன்றுமில்லை. அது சேர்ந்தால் சேரும். சேராவிடின் அதனை முன்னிட்டு எதுவும் எவரிடமும் திரும்பாது. பலனில் பற்றின்றிச் செய்க என்று கீதை அர்ச்சுனனுக்குச் சொன்னதை நான் பலகாலம் மனத்தின் நிலையாகவே எண்ணியிருந்தேன். திரும்பும் விலாசத்தை எழுதாமல் விடுவது என்ற அளவில் அது ஒரு காரியமாகவும் இருக்கக்கூடும் என்பது அந்த வெற்று அடைப்புகளைப் பார்த்த பிறகே தோன்றிற்று. எனினும் மனிதன் எழுதும் கடிதத்துக்கு அதை விதியாக்க முடியாது. இரங்கல் எழுதுகிறவன் தன் விலாசத்தை மறைத்தால் அது பற்றின்மையாகாது, ஓடி ஒளிதலாகும்.

விடுபட்ட வரியைக் கோப்பில் எழுதிச் சேர்த்தேன். முதலில் எனக்கே ஒரு கடிதம் அனுப்பி, ரிட்டர்ன்-பாத் வரியில் என் முகவரி இருக்கக் கண்டேன். பிறகு, திரும்பிவந்த அறிவிப்பின் அடியில் ஓர் எழுத்தும் சிதையாமல் பழைய தேதியுடன் கிடந்த இரங்கலை எடுத்து, நேர்ந்ததை மேலே இரண்டு வரியில் சொல்லி, நண்பருக்கு மறுபடி அனுப்பினேன். மறுநாள் காலை பதில் வந்தது. பொருநையைப் பற்றியோ உறையைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஏழு மாதமும் நான் ஏன் ஒரு வார்த்தை எழுதவில்லை என்று அம்மா இரண்டு தடவை விசாரித்ததாகவும், தலைத்திவசம் ஆவணியில் வருகிறது, முதல் நாளே வந்துவிடவேண்டுமென்றும் எழுதியிருந்தார்.