இடம்பெயரும் தீங்கு

புற்றுநோய்க்கென அளிக்கப்படும் பழைய மருந்துகளிற் பல நஞ்சுகளே என்பதை மருத்துவ உலகம் ஒருபோதும் மறைத்ததில்லை. அவற்றுள் முன்னோடியான நைதரசன் சேர்வை, போர்க்களத்துக் கடுகுவாயுவின் இனத்தைச் சேர்ந்தது. 1942ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில் நிணநீர்ப் புற்றுநோயாளர் ஒருவருக்கு அது ஏற்றப்பட்டபோது கட்டி சுருங்கியது. அதனுடன் என்புமச்சையும் நலிவுற்றது. விரைந்து பிரியும் கலங்களைக் கொல்வதே அம்மருந்தின் தொழில். அக்கலம் புற்றைச் சேர்ந்ததா, குருதியை ஆக்குவதா, மயிரின் வேரில் உள்ளதா எனப் பகுத்துணர அதனால் இயலாது.

இதனாற் சிகிச்சையளிப்பவர் ஓர் அறச்சிக்கலில் நிற்கிறார். எவரைக் காக்க முனைகிறாரோ அவருக்கே தீங்கும் இழைக்கிறார். நன்மை தீமையினும் மிகுமாயின் அச்செயல் தகும் என்பது இதற்குக் காலங்காலமாகக் கூறப்பட்டு வரும் விடை. இக்கணக்கையே தேவையற்றதாக்கிவிடும் ஆசை அறிவியலுக்கு நெடுநாளாக உண்டு. நோய்க்கிருமியை மட்டுமே தேடிச்சென்று தாக்கும் 'மந்திரக் குண்டு' பற்றி யேர்மனிய அறிஞர் போல் ஏர்லிக் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பேசினார். பல்பகுதிய நனோ துணிக்கைகள் அவ்வாசையின் அண்மைக்கால வடிவம் எனலாம்.

இத்துணிக்கைகளின் இயல்பு எளிமையானது; அழகானதுங் கூட. இலற்றிக்கமிலமும் கிளைக்கொலிக்கமிலமும் சங்கிலியாக இணைந்த ஒரு பல்பகுதியம், சத்திரசிகிச்சையில் தானே கரையும் தையல் நூலாக முன்னரே பயன்பட்டது. உடலின் நீர் அச்சங்கிலியைச் சிறிது சிறிதாக அறுக்க, எஞ்சும் அமிலங்களை உடல் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாற்றி வெளியேற்றிவிடும். அதனுள் மருந்தைப் பொதிந்து வைத்தால், ஊசி ஏற்றியவுடன் குருதியில் உச்சத்துக்கு ஏறிப் பின் விழுந்துவிடாமல், மருந்து நாட்கணக்கில் மெல்லக் கசியும். பெரிய மூலக்கூறுகளும் பல்பகுதியத்தினூடாக இவ்வாறு நெடிது கசியக்கூடும் என்பதை 1976இல் ரொபேட் லாங்கரும் யூடா போக்மனும் காட்டினர். பத்தாண்டு கழித்து யப்பானிய ஆய்வாளர் மற்சுமுராவும் மயேடாவும் மற்றோர் உண்மையை முன்வைத்தனர். அவசரமாக முளைத்த கட்டியின் குருதிக்கலன்கள் இடைவெளி மிக்கவை. ஆதலின் பெரிய மூலக்கூறுகள் அங்கே ஒழுகிப் புகுந்து தங்கிவிடுகின்றன. உடலின் காவற்கலங்கள் எளிதில் அடையாளங் காணாதவாறு துணிக்கைக்குப் பொலியெதிலீன் கிளைக்கோல் என்னும் பல்பகுதியப் போர்வை இட்டால், அது குருதியில் நெடுநேரம் உலவிக் கட்டியைச் சேர வாய்ப்புப் பெறும்.

மந்திரக் குண்டு கைவந்துவிட்டது என்ற எண்ணம் இவ்விடத்தில் எழுவது இயல்பே. ஆயின் அதற்கு முந்திய பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 2016இல் வெளியான ஒரு கட்டுரை, ஏற்றப்பட்ட துணிக்கைகளுள் கட்டியைச் சென்றடைவன இடைநிலை மதிப்பில் 0.7 சதவீதமே எனக் கணித்தது. அவ்வாய்வுகள் பெரும்பாலும் எலிகளிற் செய்யப்பட்டவை. எஞ்சியவற்றிற் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. இதனைத் தோல்வி என்று தள்ளிவிடுதல் அவசரப்பாடாகும். வெறும் மருந்தும் உடலெங்கும் பரவி, கட்டியைச் சிறிதளவிலேயே அடைகிறது. ஆயினும் 'இலக்கு' என்ற சொல் கேட்போர் மனத்தில் எழுப்பும் உருவத்துக்கும் இவ்வெண்ணுக்கும் உள்ள தூரம் சிறிதன்று.

உண்மையில் இம்முயற்சிகள் ஈட்டிய நன்மை வேறோரிடத்தில் உள்ளது. டொக்சோரூபிசின் என்ற மருந்து இதயத் தசையைக் கெடுக்க வல்லது. வாழ்நாளில் ஒருவருக்குத் தரத்தக்க மொத்த அளவுக்கே அதனால் எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. அதனைக் கொழுப்புக் கோளத்தில் அடைத்து, மேற்கூறிய பல்பகுதியப் போர்வையும் இட்ட மருந்து 1995இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உடலின் பிற பாகங்களுக்குப் பரவிய மார்புப் புற்றுநோய் கொண்ட 509 பெண்களிடையே இரு வடிவங்களையும் ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2004இல் வெளியாயிற்று. வாழ்நாளில் பெரும் வேறுபாடு இல்லை: புதிய வடிவில் 21 மாதம், பழையதில் 22 மாதம். இதயத் தீங்கோ வெகுவாகக் குறைந்தது. ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, தோலுரியும் துன்பம் பழைய மருந்தில் 2 சதவீதத்தினருக்கே நேர, புதியதில் 48 சதவீதத்தினருக்கு நேர்ந்தது. குருதியில் நெடுநேரம் உலவுமாறு செய்த அதே போர்வையே மருந்தைத் தோலிலும் சேரவைத்தது.

எல்லாத் தீங்கும் இவ்வாறு இடம்பெயர்வதில்லை. பக்ளிற்றக்சல் நீரிற் கரையாதாகையால் ஆமணக்கெண்ணெயிலிருந்து ஆக்கிய ஒரு கரைப்பானிற் கலந்தே ஏற்றப்பட்டது. கடுமையான ஒவ்வாமைக்கு அக்கரைப்பானும் காரணமாயிற்று. 2007இல் தென் கொரியாவில் அனுமதி பெற்ற பல்பகுதிய வடிவம் அக்கரைப்பானையே வேண்டாததாக்கியது. இங்கு வாகனத்தின் குற்றம் உண்மையாகவே நீங்கியது. மருந்தின் இயல்பாகிய நரம்புத் தீங்கு நீங்கவில்லை. வாகனத்தால் வருவதையும் மருந்தால் வருவதையும் ஒன்றாக்கிப் பேசும்போதே மயக்கம் பிறக்கிறது.

இதயத்தின் தீங்கையும் கையின் தீங்கையும் எந்தத் துலாக்கோலில் நிறுப்பது? ஒன்று பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம். மற்றது சில வாரங்களுக்குள் வரும். ஒன்று உயிரைத் தொடுவது. மற்றது உயிர்வாழும் நாட்களின் தன்மையைத் தொடுவது. தையலை நம்பி வாழும் ஒரு பெண்ணுக்கும், ஏலவே இதயம் தளர்ந்த ஒரு முதியவருக்கும் இவ்விரண்டின் எடையும் ஒன்றன்று. பயன்வாத நோக்கில் மொத்த இன்ப துன்பங்களைக் கூட்டிக் கழிப்போர், கூட்டப்படுவன ஓரினப் பொருள்கள் என்று கொண்டு தொடங்குகின்றனர். இங்கே அக்கோளே ஐயத்துக்குரியது.

நோயாளி அஞ்சியிருப்பவர், துறையறிவு அற்றவர். ஆதலின் தெரிவை மருத்துவரிடம் விடுதலே நன்று என்ற வாதம் வலுவற்றதன்று. அஞ்சியிருப்பவர்மேல் முழுப் பொறுப்பையுஞ் சுமத்துவதும் ஒருவகைக் கொடுமையே. எனினும் இவ்வாதம் இருவேறு அறிவுகளை ஒன்றாகக் கொள்கிறது. நூறு பேரில் எத்தனை பேருக்குக் கை எரியும் என்பது மருத்துவர் அறிவது. அக்கை எதற்குத் தேவைப்படுகிறது என்பது நோயாளியே அறிவது. மருத்துவத்தை நால்வகைக் கூறாக வகுத்த வள்ளுவர், மருத்துவருக்கும் மருந்துக்கும் முன்னர் நோயுற்றவனை வைத்தமை ஈண்டு நோக்கற்பாலது.

குறிதவறா மருந்து என்ற பேச்சின் உண்மையான தீங்கும் இங்கேதான் உள்ளது. அது வெறும் மிகைப்படுத்தலாயிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். தீங்கே இல்லை என்று கேட்டவருக்கு இரு தீங்குகளிடையே தெரிவுசெய்யும் தேவை தோன்றுவதேயில்லை. அவருடைய உரிமை மறுக்கப்படாமலே மறைந்துபோகிறது. கையின் எரிவு, மருந்தளவைக் குறைத்தாலோ இடைக்காலத்தை நீட்டினாலோ பெரும்பாலும் தணியும். கெட்ட இதயத்தசை எளிதில் மீள்வதில்லை. இவ்வளவையும் எடுத்துரைக்கச் சில நிமிடங்களே வேண்டும். நோயாளர் வரிசை வாசல்வரை நீண்டிருக்கும் கிளினிக்குகளில் அந்நிமிடங்கள் எவருடைய கணக்கிலும் எழுதப்படுவதில்லை.