முருகனுக்கு நேர்ந்த முடிக்கு எத்தனை டிகிரி சூடு?

சென்னையிலிருந்து திருப்பதி போகும் நெடுஞ்சாலையில், திருவள்ளூரைத் தாண்டித் திருத்தணிக்கு முன்னால் வரும் ஊர் கனகம்மாசத்திரம். ஆடிக் கிருத்திகை நெருங்கினால் புஷ்பக் காவடிகள் இந்தச் சாலை வழியே திருத்தணி முருகன் கோயில் இருக்கும் தணிகை மலைக்குப் போகும். திரும்பி வருகிறவர்களில் பலர் தலையில் முடி இருக்காது, சந்தனம் பூசியிருக்கும். கைக்குழந்தை, பாட்டி, கல்லூரியில் படிக்கும் பெண் என்று வேறுபாடே கிடையாது. அதே பெண் அடுத்த முகூர்த்தத்துக்குள் முடி வளராதே என்று கவலைப்படுவாள். போன முகூர்த்தத்தில் அவள்தான் கர்லிங் அயர்னால் முடியைச் சுருட்டி, அலையலையாகத் தோளில் விட்டுக்கொண்டு நின்றவள்.

வீட்டுப் பெரியவர்கள் இங்கேதான் ஒரு கேள்வியைப் போடுகிறார்கள். ‘முருகனுக்கு நேர்ந்துகொண்ட முடிக்கு எதற்கு இத்தனை அலங்காரம்? எத்தனை டிகிரியில் வைத்தால் கெடாது, எந்தக் கம்பெனிக் கருவி நல்லது என்றெல்லாம் எதற்கு ஆராய்ச்சி? எப்படியும் மழிக்கப்போகிற முடிதானே?’ விளையாட்டாகக் கேட்பதுபோல இருந்தாலும் இது பழைய கேள்வி. உடம்பைப் பேணுவதும் உடம்பைக் கடவுளிடம் ஒப்படைப்பதும் ஒரே மனத்தில் இருக்க முடியுமா என்பதுதான் அது.

விடை தேட நெடுந்தூரம் போக வேண்டாம். கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்திலேயே திருவாலங்காடு. நடராசரின் ஐந்து சபைகளில் இரத்தின சபை அங்கே. அழகைக் கழற்றி எறிந்துவிட்டுப் பேயுருவம் கேட்டு வாங்கிய காரைக்கால் அம்மையார், ஆடுகின்ற சிவனின் அடியில் இருக்கும் தலம். அலங்காரத்தைக் கண்டிப்பவர்கள் உடனே அவரைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள். ஆனால் பெரியபுராணம் சொல்வதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். கணவன் பரமதத்தன் பிரிந்துபோய் வேறொருத்தியை மணந்து, தேடி வந்த புனிதவதியின் காலில் குடும்பத்தோடு விழுந்து வணங்கிய பிறகுதான், அவனுக்காகத் தாங்கிய உடலழகு இனி வேண்டாம் என்று அவர் சிவனிடம் கேட்கிறார். அதுவரை அந்த அழகை அவர் சுமந்திருந்தார். அதற்கு இருந்த வேலை முடிந்தது, இறக்கி வைத்தார்.

அதே பெரியபுராணத்தில் வரும் மானக்கஞ்சாற நாயனார் கதை இன்னும் கூர்மையானது. மகளுக்குத் திருமண நாள். மாவிரதக் கோலத்தில் ஒரு சிவனடியார் வருகிறார். மணக்கோலத்தில் வந்து வணங்கிய பெண்ணின் நீண்ட கூந்தலைப் பார்த்து, இது பஞ்சவடிக்கு ஆகும் என்கிறார். மயிரால் திரித்து மார்பில் அணியும் பூணூல்தான் பஞ்சவடி. நாயனார் மறுபேச்சுப் பேசாமல் மகளின் கூந்தலை அடியோடு அரிந்து கொடுக்கிறார். வந்தவர் சிவபெருமான் என்பதும், அருளால் கூந்தல் மீண்டும் வளர்ந்ததும் பிற்பகுதி. கதையில் மகளின் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. இன்றைய வாசகரை அது உறுத்தும், உறுத்தவும் வேண்டும். ஆனாலும் இறைவன் வந்து கேட்ட நேரம் எது? வாரிப் பின்னிப் பூச்சூட்டி, கூந்தல் மிக அழகாக இருந்த நேரம். பேணாத முடியை யாரும் கேட்டு வரவில்லை.

சரி, பேணுவது என்றால் எப்படி? இதில் உபதேசத்தைவிட இயற்பியல் உதவும்.

தலைக்கு வெளியே தெரியும் முடிக்கு உயிர் கிடையாது. உயிருள்ள பகுதி தோலுக்குள் இருக்கும் வேர்ப்பைதான். மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும் கணக்கில், 60 செ.மீ. கூந்தலின் நுனிக்கு வயது 5. அந்த 5 ஆண்டுகளில் பட்ட வெயில், சாயம், சூடு எல்லாம் நுனியில் சேர்ந்திருக்கும். தோலில் காயம் பட்டால் ஆறும், முடியில் பட்டால் ஆறாது. எண்ணெயும் கண்டிஷனரும் மேலே பளபளப்புத் தருமே தவிர, சிதைந்த கெரட்டின் புரதத்தைப் பழையபடி கட்டித் தராது. சூட்டில் கெட்ட முடிக்கு வெட்டுவது ஒன்றே தீர்வு. அப்படிப் பார்த்தால் தணிகை மலையில் போடும் மொட்டை, பழுதுபட்ட முடி மொத்தத்துக்கும் ஒரே நாளில் விடை கொடுத்துவிடுகிறது. மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்ற நம்பிக்கைக்கு மட்டும் ஆதாரம் இல்லை. சவரக்கத்தி வேரைத் தொடுவதே இல்லை.

ஆகவே கருவி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதி. வெறும் ஆன்–ஆஃப் ஸ்விட்ச் மட்டும் உள்ள மலிவான கருவி எவ்வளவு சூட்டில் நிற்கிறது என்று வாங்கியவருக்கே தெரியாது. செராமிக் பூச்சு உள்ளது சூட்டைச் சீராகப் பரப்பும். வெறும் உலோகக் குழாயில் ஓரிடம் மட்டும் அதிகமாகக் காய்ந்தால், அங்கே பட்ட முடி கருகக்கூடும். மெல்லிய முடிக்கும் சாயம் போட்ட முடிக்கும் 150 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம், நம் ஊர்த் தடித்த முடிக்கு 180 போதும். 200க்கு மேல் போகப்போகக் கெரட்டினின் உள்கட்டமைப்பே குலையத் தொடங்கும். முடியைத் தடியாக அள்ளிச் சுற்றினால் சூடு உள்ளே போகாமல் இரண்டு மூன்று முறை சுற்ற வேண்டி வரும். விரலகலக் கற்றையாக எடுத்து ஒரே முறை, சில விநாடிகள் சுற்றினால் போதும். ஈர முடியில் மட்டும் கருவியை வைக்கவே கூடாது. சுருட்டும்போது ‘சுர்’ரென்று சத்தம் வந்தால் முடிக்குள் இருக்கும் நீர் கொதிக்கிறது என்று பொருள். அந்த ஆவி முடியின் உள்ளே குமிழ்களை உண்டாக்கிவிடும், பிறகு தொட்ட இடத்தில் முடி ஒடியும். இதற்கு 125 டிகிரியே போதும்.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகு அந்த முடி மலையில் விழுகிறது. தலையில் தண்ணீர் தெளித்து, பாதியாக ஒடித்த பிளேடைச் சவரக்கத்தியில் பொருத்தி, உச்சியிலிருந்து இழுக்கிறார் முடியிறக்குபவர். நுனி பிளந்ததா, நரைத்ததா என்று அவர் பார்ப்பதில்லை. தரம் பார்ப்பது ஏலக்காரர்கள். திருமலையில் முடியை நீளவாரியாகப் பிரித்து ஏலம் விடுகிறார்கள். நீளம் கூடக்கூட விலை கூடும். சாயமும் சூடும் அதிகம் காணாதது என்பதால்தான் கோயில் முடிக்கு உலகச் சந்தையில் மதிப்பு. விக்காகவும் செயற்கைச் சடையாகவும் கடல் கடந்து போய், அங்கே யாரோ ஒரு பெண்ணின் கர்லிங் அயர்னில் அது சுருள்கிறது.

அப்படியானால் காணிக்கை எது, முடியா, கொடுத்த செயலா? 2004-இல் இந்தக் கேள்வி எருசலேமில் எழுந்தது. திருமணமான வைதீக யூதப் பெண்கள் தம் முடியை மறைக்க விக் அணிவதுண்டு. அந்த விக்குகளில் திருப்பதி முடி கலந்திருப்பதாகப் பேச்சு வந்ததும், லண்டனிலிருந்து ஒரு யூத மதகுரு திருமலைக்கே வந்து விசாரித்தார். இது வேறு தெய்வத்துக்குப் படைத்த பொருள், யூதர் பயன்படுத்தலாகாது என்று மூத்த மதகுரு எல்யாஷிவ் தீர்ப்பளித்தார். நியூயார்க்கின் புரூக்ளினில் விக்குகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அவர்களுடைய நெறிக்கு அவர்கள் உண்மையாக இருந்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தணிகையிலோ திருமலையிலோ நடப்பதைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பூவும் பழமும் சன்னதிக்குப் போகின்றன, முடி போவதில்லை. அது மண்டபத் தரையிலேயே தங்கிவிடுகிறது. குளித்துவிட்டு முருகன் முன்னால் போய் நிற்பது மொட்டைத் தலைதான். இழப்பதற்கு மனம் ஒப்பியதே காணிக்கை என்றால், பேணி வளர்த்தவளுக்குத்தான் அந்த இழப்பின் கனம் தெரியும். 180 டிகிரிக்கு மேல் வைக்காமல் பார்த்துக்கொண்ட பெண், எதைக் கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுக்கிறாள். அவளை ஆடம்பரக்காரி என்பது அநியாயம்.

வெறுமனே மழிப்பதாலும் சடை வளர்ப்பதாலும் பயனில்லை, உலகம் பழிக்கும் செயலை விட்டால் போதும் என்று வள்ளுவர் சொல்லியிருப்பதும் பக்தருக்குத் தெரியாததல்ல. அவர் அதைச் சொன்னது கூடாவொழுக்கம் என்ற அதிகாரத்தில். வேடம் போட்டவர்களை நோக்கிய சொல் அது. வேண்டுதல் வைத்து வெயிலில் படியேறி வருகிற தாய் எந்த வேடமும் போடவில்லை. முழு மொட்டைக்கு மனம் வராத பெண்கள் பூமுடியாகச் சிறிதளவு முடியை மட்டும் கொடுத்துவிட்டு இறங்குகிறார்கள். அதையும் முருகன் ஏற்கிறான் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

உறுத்தல் வேறிடத்தில் இருக்கிறது. தமிழக அறநிலையத்துறைக் கோயில்களில் 2021 முதல் முடியிறக்கக் கட்டணம் கிடையாது. நல்ல முடிவு. ஆனால் இறக்கிய முடி எங்கே போகிறது என்பது கொடுத்தவர்களில் பலருக்குத் தெரியாது. ஏலத்தில் போன எடை எவ்வளவு, வந்த தொகை எவ்வளவு, அது எந்தத் திருப்பணிக்கு, எந்த அன்னதானத்துக்குச் செலவானது என்பதைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதி மண்டபத்து வாசலிலேயே ஒரு பலகை வைக்கலாம். ஆந்திர எல்லையிலிருந்து வருகிறவர்களும் நின்று படித்துவிட்டுத் தலையைக் கொடுப்பார்கள்.