போகிப் புகையும் வினைக்கணக்கும்

2018 ஜனவரி 13, போகி விடியற்காலை. சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதையே கண்ணுக்குத் தெரியவில்லை. பனியும் புகையும் ஒன்றாகக் கலந்து நகரத்தின் மேல் படிந்திருந்தன. இறங்க வேண்டிய விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. கிளம்ப வேண்டியவை மணிக்கணக்கில் காத்து நின்றன. செய்திகளில் பெரிதும் பேசப்பட்டது விமானங்களின் தாமதம். அதே காற்றைத்தான் சைதாப்பேட்டையிலும் நந்தனத்திலும் தேனாம்பேட்டையிலும் மக்கள் மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று எரிந்தது என்ன? முன்பெல்லாம் போகித் தீயில் விழுந்தவை கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், உலர்ந்த ஓலை, சருகு. வீட்டை ஒழித்து, வெள்ளையடித்து, மழைக்கு அதிபதியான இந்திரனுக்கு நன்றி சொல்லித் தைக்கு வழிவிடும் நாள் அது. நகரத்து வீடுகளில் கழிக்கப்படும் பொருள்கள் மாறிவிட்டன. ரெக்சின் பை, ஃபோம் மெத்தை, பிளாஸ்டிக் நாற்காலி, சைக்கிள் டியூப், டயர் என எல்லாம் தெருமுனைத் தீக்கு வந்தன. சடங்கின் பெயர் அப்படியே இருக்க, அதன் வேதியியல் முழுக்க மாறிப்போனது. இவற்றில் சிலவற்றிலுள்ள பி.வி.சி. பிளாஸ்டிக் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், டயாக்சின்களும் உருவாகும். டயாக்சின்களில் மிகக் கொடியதான ஒன்றைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் உறுதிப்படுத்தியது.

மார்கழிக் கடைசியின் வானிலையும் சேர்ந்துகொள்கிறது. விடியலுக்கு முன் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனக்கிறது; அதற்கு மேல் சற்றே வெப்பமான அடுக்கு, பானைக்கு மூடி போட்டதுபோல் கவிந்துவிடுகிறது. காற்று வீச்சும் குறைவு. மேலே போக வழியின்றிப் புகை ஆள் உயரத்திலேயே தங்கிவிடுகிறது. அதிலுள்ள 2.5 மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள் தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்கு கூட இருக்காது. மூக்கும் தொண்டையும் அவற்றைத் தடுத்து நிறுத்த முடிவதில்லை. நுரையீரலின் நுண்ணறைகள் வரை போய்ச் சேர்கின்றன. மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கின்றன. ஆஸ்துமா, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கும் இவற்றுக்கும் உள்ள தொடர்பு ஐயமற நிறுவப்பட்டுள்ளது. இந்தத் துகள்கள் ஒரு கனமீட்டர் காற்றில் 24 மணிநேரச் சராசரியாக 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வரையறை. இந்தியாவின் வரம்பு 60.

இங்கேதான் அறத்தின் கேள்வி எழுகிறது. தீ மூட்டிய எவரும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இரைப்பு வரட்டும் என்று நினைக்கவில்லை. தீங்கு நேர்ந்தது உண்மை. தீய எண்ணம் இல்லை என்பதும் உண்மை. அப்படியானால் இது யாருடைய வினை?

இந்தியச் சிந்தனையில் இந்தக் கேள்விக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. பௌத்தர்களின் மஜ்ஜிம நிகாயத்தில் உபாலி சுத்தா என்றொரு பகுதி இருக்கிறது. மனம், சொல், உடல் ஆகிய மூன்றின் செயல்களில் எது பெரும் பழிக்குரியது என்பதே அங்கே வழக்கு. உடலின் செயலே என்கிறது சமணர் தரப்பு. மனத்தின் செயலே என்கிறார் புத்தர். நடக்கும்போது காலடியில் சிற்றுயிர்கள் மடிகின்றனவே, அதற்கு என்ன பலன் என்று புத்தர் கேட்க, வேண்டுமென்று செய்யாததில் பெரும் பழியில்லை என்று சமண இல்லறத்தாரான உபாலியே ஒப்புக்கொள்கிறார். பிற்காலத்தில் சமண ஆசிரியர் உமாஸ்வாதி தம் தத்துவார்த்த சூத்திரத்தில் சமணத் தரப்பைச் செம்மையாக வகுத்தார். அசட்டையால் உயிருக்கு ஊறு செய்வதே இம்சை என்பது அவர் தந்த இலக்கணம். காற்றையே உடலாகக் கொண்ட உயிர்களும் உண்டு என நம்பும் சமயம் அது.

இரு தரப்பையும் சேர்த்துப் பார்த்தால் போகித் தீக்கு ஒரு தெளிவு கிடைக்கிறது. டயர்ப் புகையின் குணம் தெரியாத காலத்தில் அதை எரித்தவரைப் பழிப்பது நியாயமாகாது. இன்று மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வோர் ஆண்டும் போகிக்கு முன் வேண்டுகோள் விடுக்கிறது. பழைய டயர், துணி போன்றவற்றை எரிக்காமல் கொடுத்துவிடுங்கள் என்று அண்மை ஆண்டுகளில் மாநகராட்சியே கேட்டு வாங்குகிறது. இவ்வளவுக்குப் பிறகும் எரித்தால், அறியாமை என்று சொல்லித் தப்ப வழியில்லை. தெரிந்தே பொருட்படுத்தாமல் இருப்பதும் மனத்தின் செயல்தான். புத்தரின் கணக்கிலும் உமாஸ்வாதியின் கணக்கிலும் அது வரவாகிவிடுகிறது.

நம் சடங்கில் தலையிட இவர்கள் யார் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுடைய வருத்தத்தை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. வீட்டு நினைவுகளும் முன்னோர் வழக்கமும் அதில் இருக்கின்றன. ஆனால் அந்த மரபே காற்றைத் தெய்வமாக வணங்கியிருக்கிறது. பஞ்சபூதத் தலங்களில் வாயுவுக்குரியது காளத்தி. சென்னையிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் அங்கே போய்த் தொழுது வருகின்றன. அங்கே வணங்கிய காற்றை வீட்டு வாசலில் நஞ்சாக்குவது பக்திக்குள்ளேயே ஒரு முரண். சட்டமும் இதையொட்டியே பேசுகிறது. மத உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டது என்ற நிபந்தனையோடுதான் தொடங்குகிறது. 2018 அக்டோபரில் பட்டாசு வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மக்களின் உயிருக்கும் உடல்நலத்துக்கும் ஊறு செய்யும் வழக்கத்துக்கு இந்தப் பிரிவின் பாதுகாப்பு கிடையாது என்றது.

போகி ஒரு நாள்தானே என்பது அடுத்த வாதம். அதில் நியாயம் இருக்கிறது. அண்ணா சாலையில் வண்டிப் புகைக்கு விடுமுறை கிடையாது. நந்தனம் சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலரும், ஓரத்து மண்ணைப் பெருக்கும் தூய்மைப் பணியாளரும், நாள் முழுக்க ஓட்டும் ஆட்டோக்காரரும் அதைச் சுவாசிக்கிறார்கள். 1920இல் ஹாரி க்ரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியின் மைதானம் அந்தச் சாலையை ஒட்டித்தான் இருக்கிறது. ஓடும் உடல், சும்மா இருக்கும் உடலைவிடப் பல மடங்கு காற்றை உள்ளிழுக்கும். உடல்நலத்துக்காக ஓடுபவருக்கே மாசும் கூடுதலாகப் போய்ச் சேர்கிறது.

தெருமுனைத் தீயை மூட்டியவர் இன்னாரென்று காட்டிவிடலாம். சாலைப் புகையில் அப்படி யாரையும் சுட்ட முடியாது. பழி ஆயிரம் பேருக்குப் பங்கு பிரிந்தால் ஒவ்வொருவர் பங்கும் ஒன்றுமில்லை என்று தோன்றுகிறது. மூச்சு விடுபவரின் நுரையீரலிலோ அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து இறங்குகிறது. எனவே அசட்டை பற்றிய கேள்வி வீட்டுக்காரரோடு நிற்க முடியாது. கட்டுமானத் தூசியை மூடி வைக்காத ஒப்பந்ததாரர், புகைச் சோதனையைக் கண்துடைப்பாக நடத்துபவர், காற்றின் அளவைத் தெரிந்து வைத்துக்கொண்டும் நடவடிக்கை எடுக்காத அதிகாரி ஆகியோரும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். தெரிந்தவர் பொறுப்பு கூடுதல் என்றால், அதிகம் தெரிந்து வைத்திருப்பது அரசு.