வேலிக்குத் தண்ணீர் ஊற்றலாமா?

சித்திரை மாசத்தில் ஒரு குடம் தண்ணீரை எதற்கு ஊற்றுகிறோம் என்பது வெறும் தோட்டக்கலைக் கேள்வி இல்லை. தென்னைக்கு ஊற்றினால் காய் வரும். கத்தரிக்கு ஊற்றினால் குழம்புக்கு ஆகும். வேலிக்கு ஊற்றினால் என்ன வரும்? புதிதாக ஒன்றும் வராது. இருக்கிறது இருக்கும், அவ்வளவுதான்.

எங்கள் வீடு காங்கேயம் பக்கம். வாசலை ஒட்டி செம்பருத்தியும் மருதாணியும் இடுப்பளவு உயிர்வேலியாக நிற்கின்றன. மற்ற மூன்று பக்கமும் முள்கிளுவை. இந்தப் பகுதியில் கொறங்காடு என்று சொல்லும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி நிற்கிற அதே கிளுவைதான். கிணறு வற்றிவிட்டால் லாரித் தண்ணீர்தான் கதி. ஒவ்வொரு கோடையிலும் வீட்டில் இந்தப் பேச்சு வரும். "காசு குடுத்து வாங்குற தண்ணிய வேலிக்கு ஊத்துறது அநியாயம்மா" என்பாள் தங்கச்சி. "அது நம்மள நம்பி நிக்குது கண்ணு" என்பார் அம்மா.

ஒருத்தி நியாயம் பேசுகிறாள், இன்னொருவர் நம்பிக்கை பேசுகிறார். இரண்டையும் அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது.

முதலில் அம்மாவின் வாக்கியம். ஒரு செடி நம்மை நம்புமா? நம்பாது. ஆனால் நாம் நட்டதால்தான் அது அந்த இடத்தில் நிற்கிறது. நெருக்கி நட்டோம், மாசாமாசம் கவாத்து செய்தோம், அது போக நினைத்த பக்கமெல்லாம் போகவிடாமல் செய்தோம். ஒன்றை நம் வசதிக்காக ஒரு வடிவத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, வெயில் ஏறியதும் "உன்பாடு" என்று விட்டுவிட முடியுமா? இப்படிக் கேட்டால் அம்மா சொல்வதில் ஒரு கடமை இருக்கிறது.

ஆனால் எல்லா வேலியும் ஒன்றில்லை. கோடையில் கிளுவை இலையெல்லாம் கொட்டிவிட்டு முள்ளும் குச்சியுமாக நிற்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் செத்துப்போச்சு என்றே நினைப்பார்கள். மேல்தோலை நகத்தால் கொஞ்சம் கீறினால் உள்ளே பச்சை. இலையை உதிர்ப்பதுதான் அது வறட்சியைத் தாண்டுகிற முறை. வேர் பிடித்த கிளுவைக்கு நாம் ஊற்றுகிற தண்ணீர் அதன் தாகத்துக்குப் போவதில்லை, நம் பதற்றத்துக்குப் போகிறது. செம்பருத்தி அப்படி இல்லை. அதற்கு வெயில் ஏறுமுன் வேரடியில் தண்ணீர் வேண்டும், காய்ந்த இலையில் மூடாக்கு வேண்டும், மாவுப்பூச்சி வருகிறதா என்று இலைக்கு அடியில் பார்க்க ஆள் வேண்டும். உச்சி வெயில் காலத்தில் ஒட்ட வெட்டவும் கூடாது. வெட்டினால், அதுவரை நிழலில் இருந்த உள் இலைகள் திடீரென்று வெயிலில் பட்டுக் கருகிவிடும். அக்கறை என்பது மனசு இளகுவதில் மட்டும் இல்லை. எதற்கு என்ன தேவை என்று தெரிந்துகொள்வதும் அதில் பாதி. மனிதர்கள் விஷயத்திலும் நாம் இங்கேதான் சறுக்குகிறோம். சும்மா இருக்க விட்டால் போதும் என்கிற ஆளிடம் போய் அன்பைக் குடம் குடமாகக் கொட்டுகிறோம்.

தங்கச்சியிடம் ஒரு தீர்வும் இருந்தது. கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டிவிடலாம். ஒருமுறை செலவு, பிறகு தண்ணீர் வேண்டாம், கத்தரி வேண்டாம், பேச்சும் வேண்டாம். இந்தக் கடைசி 'வேண்டாம்'தான் என்னை யோசிக்க வைத்தது. எங்களுக்கும் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பாவுக்கும் இடையே பேச்சு மிச்சம் இருப்பதே அந்தக் கிளுவையால்தான். அவர் பக்கம் சாய்வதை அவர் வெட்டுவார், எங்கள் பக்கம் சாய்வதை நாங்கள் வெட்டுவோம். இடையில் சந்து விழுந்தால், மழை வருமுன் குச்சி வெட்டி ஊன்றுவது யார் என்று பேசியாக வேண்டும். கம்பி வேலி இந்த உறவை ஒரே நாளில் முடித்து வைத்துவிடும். உயிர்வேலி அதை வருஷா வருஷம் புதுப்பிக்கச் சொல்லும்.

இத்தோடு நிறுத்தினால் அழகான கட்டுரையாக முடிந்திருக்கும். ஆனால் உயிருள்ளது என்பதாலேயே வேலி நல்லதாகிவிடாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் உப்பு வரியை வசூலிக்க வட இந்தியாவின் குறுக்கே ஒரு சுங்கக் கோடு போட்டார்கள். அதன் நீளம் 2,000 மைலுக்கும் மேல். அதில் பல நூறு மைலுக்கு உயிர்வேலி வளர்த்தார்கள். இலந்தை, கருவேல், களா, சப்பாத்திக்கள்ளி என்று மண்ணுக்கு ஏற்றதைத் தேடி நட்டார்கள். ஒரு கட்டத்தில் அந்தக் கோட்டில் ஏறத்தாழ 12,000 பேர் வேலை பார்த்தார்கள். 1860களின் பிற்பகுதியில் இதற்குப் பொறுப்பாக இருந்தவர்களில் ஒருவர் ஏ.ஓ. ஹியூம். பின்னால் 1885இல் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் முக்கியமானவரும் அவர்தான். 1879இல் அந்தச் சுங்கக் கோடு கைவிடப்பட்டது. பிறகு எல்லோரும் மறந்தே போனார்கள். ராய் மாக்ஸம் என்பவர் அதன் மிச்சத்தைத் தேடி அலைந்து 2001இல் ஒரு புத்தகம் எழுதினார்.

அந்த வேலியையும் யாரோ கோடையில் கவனித்தார்கள். கரையான் அரிக்கிறதா, தீப்பிடிக்கிறதா, எங்கே பட்டுப்போகிறது என்று பார்த்தார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவ்வளவு அக்கறையும் போய்ச் சேர்ந்தது ஏழையின் கஞ்சிக்கு உப்பு எட்டாமல் செய்வதில்.

நம் ஊரிலும் தேட வேண்டியதில்லை. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் குடியிருப்பைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008இல்தான் இடிக்கப்பட்டது. அங்கே சுவருக்குப் பதில் பூத்துக் குலுங்கும் செம்பருத்தி நின்றிருந்தால் அநியாயம் ஒரு பிடியாவது குறைந்திருக்குமா? குறைந்திருக்காது. பார்க்க அழகாக இருந்திருக்கும், அதனாலேயே இடிப்பது இன்னும் கஷ்டமாகியிருக்கும்.

அப்படியானால் எந்த வேலிக்குத் தண்ணீர் ஊற்றலாம்? எனக்குக் கிடைத்த அளவுகோல் சின்னது. வெளியே நிற்பவர் கையிலும் கத்தரி இருக்கிறதா? பெரியப்பா தன் பக்கத்தை வெட்டலாம், சந்து விடச் சொல்லலாம், "உங்க வேலி என் நெலத்துக்குள்ள வருதுங்க" என்று சண்டைக்கும் வரலாம். சுங்க வேலியில் வெளியே நின்றவர் ஓர் இலையைக் கிள்ள முடியாது. இரண்டு பக்கத்தாரும் திருத்தக்கூடிய எல்லை வேறு, ஒரு பக்கத்தார் மட்டும் பராமரிக்கிற எல்லை வேறு.

இதில் பேச வராத மூன்றாம் ஆளும் உண்டு. கோடையில் சின்னான் குருவி செடிக்குள் கூடு கட்டும். இங்கிலாந்தில் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை விவசாயிகள் வயல்வேலிகளை வெட்டக் கூடாது, ஒருசில விலக்குகள் தவிர. கூடு கட்டும் பறவைகள் அதற்கு முக்கியக் காரணம். எங்கள் மருதாணிக்கு அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. கத்தரியை எடுக்கும் முன் கிளையை விலக்கிப் பார்க்கிற கண்தான் சட்டம்.

ஆகவே என் பதில் இது. செம்பருத்திக்கு ஊற்றலாம். அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர் போதும், லாரித் தண்ணீர் தேவையில்லை. தங்கச்சியின் நியாயத்துக்கு அதில் இடம் இருக்கிறது. கிளுவையை அதன் பாட்டுக்கு விடலாம். அது செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் நகத்தால் கீறிக் காட்டினால் ஆயிற்று. சந்து விழுந்த இடத்தில் எங்கே குச்சி ஊன்றுவது என்பதை மட்டும் நாம் தனியாக முடிவு செய்யக் கூடாது. அதற்கு வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவரை ஒரு குரல் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.