பிறர் நெஞ்சின் பாடலை நாம் பாடலாமா?

ஒருவர் தம் அன்பிற்குரியவரை எண்ணி, தம் வாழ்வில் நேர்ந்ததையே பொருளாகக் கொண்டு ஒரு பாடலை இயற்றுகிறார். வேறொருவர் அதனை எடுத்துத் தம் குரலில் பாடிப் புகழும் பொருளும் பெறுகிறார். இது முறையாகுமா? இவ்வினா இசைவாணர்க்கு மட்டும் உரியதன்று. பிறர் உடைமை எது, நமக்கு உரியது எது என்னும் எல்லையை அறிய விழையும் எவர்க்கும் உரியதே.

சட்டம் இதற்கு எளிதாக விடை கூறிவிடுகிறது. அமெரிக்காவில் 1909ஆம் ஆண்டுச் சட்டம் தொடங்கி, ஒரு பாடல் இயற்றியவர் இசைவுடன் ஒருமுறை ஒலிப்பதிவாகிவிட்டால், வகுக்கப்பட்ட தொகையைச் செலுத்திப் பிறரும் அதனைப் பதிவு செய்யலாம். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 2012இல் திருத்தப்பட்டபின், முதல் ஒலிப்பதிவு உருவான ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் கழிந்த பிறகே அவ்வாறு செய்ய இடமளிக்கிறது. அது மறுபதிவு என்று உறையில் தெரிவிக்கவும் வேண்டும். ஆனால் சட்டம் இடந்தருவன யாவும் அறமாகிவிடா அன்றோ?

அந்தரங்கமான பாடல் ஒரு கடிதம் போன்றது. பிறர் கடிதத்தை நாம் படித்தலே தகாது, பாடுதல் எங்ஙனம் தகும் என்பர் சிலர். இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. பேழைக்குள் பூட்டிவைத்த கடிதம் வேறு. எழுதியவரே ஊரறியப் படித்துக் காட்டிய கடிதம் வேறு. இயற்றியவர் வெளியிடாது மறைத்து வைத்த பாடலை, அவர் மறைந்த பின்னரும் எவரும் தொடாதிருத்தலே நன்று. தாமே வெளியிட்ட பாடலிலோ, அவர் சொல்லையும் இசையையும் உலகிற்கு வழங்கிவிட்டார். எனினும் தம் வாழ்வை அவர் வழங்கவில்லை. இவ்வேறுபாட்டை உணர்தலே இவ்வாராய்ச்சியின் திறவுகோல் எனலாம்.

அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன், போர்ட்டர் வேகனர் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 1967 முதல் பாடிவந்தார். தனித்து வளர விரும்பிப் பிரிய முற்பட்டபோது, தம்மை ஆளாக்கிய அவரிடம் வாதாடிப் பயனில்லை என்று கண்டு, தம் உள்ளத்தைப் பாடலாக்கினார். 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' என்னும் அப்பாடல் 1974இல் வெளிவந்தது. காதலர் பிரிவுப் பாடலாகவே உலகம் அதனைக் கேட்கிறது. உண்மையில் அது நன்றியுணர்வோடு விடைபெறும் ஒருவரின் மொழி.

அதனைப் பாட எல்விஸ் பிரெஸ்லி விரும்பினார். பார்ட்டன் பெரிதும் மகிழ்ந்தார். ஆனால் பிரெஸ்லியின் மேலாளர் கர்னல் டாம் பார்க்கர், பாடலின் வெளியீட்டு உரிமையில் பாதியைக் கேட்டார். பார்ட்டன் மறுத்தார், அப்பதிவும் நிகழவில்லை. அன்றிரவு முழுதும் அழுததாகப் பின்னாளில் அவரே கூறியுள்ளார். 1992இல் விட்னி ஹூஸ்டன் 'தி பாடிகார்ட்' திரைப்படத்திற்காக அதே பாடலைப் பாட, அமெரிக்கப் பாடல் வரிசையில் அது 14 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. அதனை வானொலியில் முதன்முறை கேட்டபோது, உணர்ச்சி மிகுதியால் தம் காரை ஓரமாக நிறுத்த நேர்ந்ததையும் பார்ட்டன் கூறியிருக்கிறார். 2012இல் ஹூஸ்டன் மறைந்தபோது, அவர் உடலைத் தேவாலயத்திலிருந்து சுமந்து சென்ற வேளையில் ஒலித்ததும் அவர் குரலில் இப்பாடலே.

இந்நிகழ்ச்சிகள் நமக்கு உணர்த்துவது யாது? தம் பாடலைப் பிறர் பாடுவதைப் பார்ட்டன் தடுக்கவில்லை. அதில் பங்கு கேட்டதையே ஏற்கவில்லை. ஹூஸ்டன் வேகனரின் கதையைத் தமதாகக் காட்டிக்கொள்ளவில்லை; தம் உள்ளத்துப் பிரிவுணர்வையே அச்சொற்களில் நிரப்பினார். பாடுதல் விருந்தினராக ஒரு மனையுள் நுழைவதாகும். பங்கு கேட்டல் மனைப் பட்டாவில் பெயரெழுதக் கேட்பதாகும்.

இனி, பலர் எண்ணாத ஒருவரையும் எண்ணுதல் வேண்டும். பாடப்பட்டவரை நாம் குறிப்பிடுகிறோம். இயற்றியவர் இசைவு தரலாம். அவரால் பாடப்பெற்றவரிடம் யார் இசைவு கேட்டார்? ஜான் டென்வர் தம் மனைவிக்காக இயற்றிய 'அன்னிஸ் சாங்' 1974இல் வெளியாகிப் பெரும்புகழ் பெற்றது. 1978இல் ஜேம்ஸ் கால்வே அதனைப் புல்லாங்குழலில் வாசித்துப் புகழ் பெற்றார். 1982இல் அத்தம்பதியர் மணவிலக்குப் பெற்றனர், பாடலோ நிலைத்துவிட்டது. ஆயினும் ஒரு நுட்பம் காண்க: அன்னி என்னும் பெயர் தலைப்பில் மட்டுமே உண்டு, பாடலுள் ஓரிடத்தும் இல்லை. ஆகவே எவரும் தம் துணைக்கு அதனைப் பாட இயலும்.

இதற்கு மாறாக, பாப் டிலன் 1976இல் வெளியிட்ட 'சாரா' என்னும் பாடலில் மனைவியின் பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது. பிள்ளைகளோடு கழித்த நாட்களும் வருகின்றன. இத்தகைய பாடலை வேறொருவர் தம் வேண்டுகோள் போலப் பாடுவது பொருந்துமா? பாட விரும்பின், பிறர் கதையை உரைப்பவராகப் பணிவுடன் பாடலாம். உரியவர் மனம் நோகும் என அறிந்தால் விட்டுவிடுதலே பெருமை.

பெயர் செய்யும் இவ்வேறுபாட்டைத் தமிழ் மரபு என்றோ கண்டறிந்தது. அன்பின் ஐந்திணையில் ஒருவர் பெயரையும் சுட்டுதல் கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. அதனாலன்றோ கபிலர் முதலியோர் தலைவி கூற்றாகவும் தோழி கூற்றாகவும் பாட முடிந்தது! பெயர் மறைந்த இடத்தில் உணர்வு பொதுவாயிற்று. எவருடைய மானமும் குன்றவில்லை.

ஆதலின், பிறருடைய காதற்பாடலைப் பாடுதல் குற்றமன்று என்பதே நம் துணிபு. சிறந்த பாடல் ஒருவர் நெஞ்சில் பிறந்து பலர் நெஞ்சில் வாழ்தற்கு உரியது. ஆனால் பாடுவோர் உணர்வைப் பெறலாமேயன்றி வாழ்வைக் கவரலாகாது. இயற்றியவர்க்குரிய பொருளையும் பெயரையும் குறைத்தலும் ஆகாது. நம் இல்லத் திருமணங்களிலும் பள்ளி விழாக்களிலும் பிள்ளைகள் மேடையேறிப் பாடும்போது, இப்பாடல் இன்னார் இயற்றியது என்று ஒரு வாக்கியம் சொல்லித் தொடங்கப் பழக்குவோமாக. அவ்வொரு வாக்கியத்தில், இரவல் பெற்றதை இரவல் என்று ஒப்பும் நேர்மை அவர்கள் உள்ளத்தில் வேரூன்றும்.